கயிற்றை வெட்டும் பொறுப்பு

படகு முழுகிய அன்று எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆள் யாரும் சாகவில்லை. நெட்டையும் அவன் தம்பி சின்னவனும் எப்படியோ நீந்திக் கரையேறி, சேறும் சிராய்ப்புமாக வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் தெருவே இழவு வீடு மாதிரிதான் இருந்தது. ஆறு கடலில் போய்ச் சேரும் அந்த அகன்ற முகத்துவாரத்தில் கல், செங்கல், மரம் என்று அக்கரைக்கும் இக்கரைக்கும் சுமந்துகொண்டிருந்த ஒரே பெரிய சரக்குப் படகு அது. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் அஸ்திவாரக் கல் அதில் ஏறி வந்ததுதான். திடீரென்று சுழற்றியடித்த ஒரு காற்றில், கல் பாரத்தோடு, கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

நான் படகுகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். என் கடைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தட்டு விழுந்தால் இந்தப் பக்கம் என் ஊசி நிற்கும். அதனால் அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எனக்குத் தெரியாமல் போனதில்லை. நெட்டையின் மனைவி என்னை அண்ணே என்பாள். எனக்கு அவள் தங்கச்சி. அவள் படகில் ஓட்டை அடைக்கிறவள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிற வேலை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பாள். அவள் புருஷனுடைய படகில் அவள் கை படாத இடுக்கே கிடையாது.

படகை வெளியே எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னது நெட்டைதான். கல்லை இறக்கத்தான் அதிக நாள் பிடித்தது. காற்றுக் காலம் ஓய்ந்த பிறகு அண்ணனும் தம்பியும் விடிந்ததும் ஒரு தோணியில் போவார்கள். ஒருவன் மூச்சடக்கி முங்கிக் கூடையில் கல்லை நிரப்பிக் கயிற்றை அசைப்பான். மற்றவன் மேலே இழுத்து, அந்தப் பக்கமாகத் தண்ணீரிலேயே கொட்டுவான். மதியம் தங்கச்சி சோறும் வறுத்த மீனும் கொண்டுபோய்க் கரையில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி வந்து சாப்பிடுவார்கள். அப்போதும் சின்னவனுக்கு வாய் ஓயாது.

"அண்ணி, கீழ ஒரு பெரிய மீன் நம்ம படகுல குடித்தனம் வந்துடுச்சு. வாடகை குடுன்னு கேட்டேன். வாயத் தொறக்குது, மூடுது, பதில் மட்டும் வர மாட்டேங்குது."

"நீ பேசிக்கிட்டே இருந்தா அது எப்பப் பேசும்? சாப்பிடு."

எப்படித்தான் தூக்கப் போகிறீர்கள் என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"நாங்க எங்கண்ணே தூக்கறோம்? கடல்தான் தூக்கப் போகுது" என்றான் சின்னவன். "தண்ணி நல்லா வத்தியிருக்கற நேரம் பாத்து, நம்ம படகுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு படகை நிறுத்தணும். இந்தப் படகுல இருந்து அந்தப் படகுக்கு, நம்ம படகோட அடிவயித்துல கயிறு விட்டு விறைப்பா இழுத்துக் கட்டிடணும். அவ்வளவுதான், அப்புறம் டீ குடிக்கலாம். கடல் உள்ள வர வரத் தண்ணி ஏறும். மேல நிக்கற படகும் ஏறும். அது ஏறுனா கீழ கட்டிக் கிடக்கறதும் ஏறித்தான ஆகணும்? அப்படியே தொங்கவிட்டு ஆழமில்லாத பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போயிட வேண்டியதுதான்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா மேல இருக்கறது கீழ போகும்."

அந்த இரண்டு படகுகளையும் கொடுத்தவருக்குக் கறார் என்று பெயர். வேறு பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும், அவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு கயிற்றுத் துண்டை இரவல் கொடுத்தால்கூட அதன் இரண்டு நுனியையும் பார்த்து வாங்குகிறவர். அவர் எப்படியோ சம்மதித்து இரண்டு படகுகளையும், முழுகிய படகைப் பிணைக்க ஓர் இரும்புச் சங்கிலியையும் கொடுத்தார்.

பௌர்ணமிக்கு நீர் அதிகம் ஏறும் என்று அந்த நாளைக் குறித்தார்கள். கரை முழுக்கத் தலை. பள்ளிக்கூடம் போக வேண்டியவை, கடை திறக்க வேண்டியவை, எல்லாம் அங்கேதான் நின்றன. நீர் ஏறியது. கயிறுகள் முனகின. கறாரின் படகுகள் இரண்டும் விளிம்பு வரைக்கும் அமிழ்ந்து, பிறகு ஒரு குலுக்கலோடு எழுந்தன. "விட்டுடுச்சு! அடிய விட்டுடுச்சு!" என்று சின்னவன் கூவினான். கரையில் விசில். கழி ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்கள். நெட்டை முன்பக்கம் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தான். அவன் உயரத்துக்கு அன்று இன்னும் ஒரு சாண் கூடுதலாகத் தெரிந்தான்.

பிறகு ஒரு சத்தம். பெரிய கயிறு அறுந்து, அதைக் கட்டியிருந்த குறுக்கு மரம் திரும்பிச் சுழன்று வந்தது. கறாரின் படகில் ஒரு பக்கப் பலகை நொறுங்கியது. சின்னவன் கையை நீட்டித் தடுத்தான் போலிருக்கிறது. முழங்கைக்குக் கீழே அவன் கை, கை போகக் கூடாத திசையில் போய் நின்றது. அவன் அப்போது பேசவில்லை. நான் அவனைப் பேசாமல் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"நிறுத்திடலாம்" என்றாள் தங்கச்சி.

"இன்னும் ஒரு தடவ. கயிறு மட்டும் தடிமனா வாங்கிட்டா..."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அத்தன பேர் முன்னால விழுந்திருக்கேன். இப்படியே விட்டா ஊர்ல என்ன பேசுவான்?"

"படகு வேணும்னு சொல்லுங்க, கேக்கறேன். தொழில் போச்சுன்னு சொல்லுங்க, கேக்கறேன். ஊர் பேசும்ங்கறதுக்காகன்னா வேண்டாம். அந்தப் பையன் கையப் பாருங்க முதல்ல."

என் ஊசி நின்றுதான் இருந்தது. கடைசியில் "சரி" என்றான் அவன். அவன் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

நெட்டை ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனான். பாளத்தை இழுத்து வந்து உடைத்துப் பெட்டிகளில் அள்ளிப் போடும் வேலை. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அவன் மட்டும் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். வருவான், சாப்பிடுவான், படுப்பான். ஆற்றுப் பக்கம் போகிற தெருவை விட்டுவிட்டுச் சுற்றுவழியாக வருவான். சின்னவன் கட்டுப் போட்ட கையோடு என் கடையில் வந்து உட்கார்ந்து, ஒற்றைக் கையால் எனக்கு நூல் சிக்கெடுப்பான்.

ஒரு நாள் அண்ணிக்காரியிடம் அவன் சொன்னது என் முன்னால்தான்.

"அண்ணி, என் கைக்காகன்னு நிறுத்தியிருந்தா, தயவு செஞ்சு வேண்டாம். நாளைக்கு அண்ணன் என் கையப் பாக்கறப்பல்லாம் படகு ஞாபகம் வரும். என் கை வீணாப் போகக் கூடாதுன்னு மறுபடி ஆரம்பிச்சாலும் வேண்டாம். கைய விட்ருங்க. அது பாட்டுக்குக் கூடிக்கும்."

அவள் அவன் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த நாட்களில் அவள் ஒரு காரியம் செய்தாள். யாரும் கேட்காமலே கறாரின் படகுக்குப் போய், நொறுங்கிய பலகையைத் தச்சனை வைத்து மாற்றி, இடுக்குகளை அடைத்துக் குங்கிலியம் பூசிக் கொடுத்தாள். கறார் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் அடித்த ஒவ்வோர் அடியையும் பார்த்தார். முடிந்ததும், "என் சங்கிலி?" என்றார்.

சங்கிலி இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் கிடந்தது.

"அண்ணே, நாளைக்குக் கொஞ்சம் கடைய மூடிட்டு வர்றீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். "சங்கிலிய எடுக்கணும். எங்க வீட்டுக்காரரக் கூப்பிட மனசில்ல. தம்பிக்கு ஒரு கை. தோணியப் புடிச்சுக்க ஆள் வேணும்."

"விட்ட வேலைதானம்மா, சங்கிலிக்கு வேணும்னா வேற ஏதாவது..."

"விடறதுன்னா ஒழுங்கா விடணும்ண்ணே. அடுத்தவங்க பொருள அடியில போட்டுட்டு விட்டேன்னு சொன்னா அது என்ன விடறது?"

கடல் நீர் உள்ளே வர ஆரம்பித்துக் கலங்கல் தெளிகிற நேரத்தில் போனோம். அவள் புருஷனுடைய பழைய கால்சட்டையும் சட்டையும் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து படகு அடியில் பாசி சுரண்டியவள். முங்குவது அவளுக்குப் புதிதில்லை. கயிற்றின் மறுநுனி என் கையில்.

முங்கினாள். மேலே வந்தாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"தம்பி, படகு இல்ல."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"குழி இருக்கு. சிந்துன கல்லு கிடக்கு. படகு இல்ல. சங்கிலி மட்டும் கரைப் பக்கமாப் போகுது."

சின்னவனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சங்கிலியைப் பிடித்தபடியே போகப் போவதாகச் சொல்லி, தோணியைக் கரைப் பக்கமாக நகர்த்தச் சொன்னாள். மறுபடி முங்கினாள். இந்தத் தடவை நேரம் ஆனது. கயிறு கையில் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. நான் இழுக்கப் போனேன். "இருங்கண்ணே, இருங்க" என்றான் சின்னவன். ஆனால் அவனும் ஒற்றைக் கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டான்.

அவள் மேலே வந்தபோது அந்த முகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் இருந்தவள் முகத்தில் கண்ணீரை எங்கே தேடுவது?

"நிக்குது" என்றாள்.

"எது?"

"நம்ம படகு. சாயல, கவுறல. மணல்ல உக்காந்த மாதிரி நிமிந்து நிக்குது. மேலேருந்து வெளிச்சம் பச்சையா விழுது, அதுக்குள்ள அது பாட்டுக்கு நிக்குது. மீனெல்லாம் உள்ள போகுது, வருது. நான் கைய வெச்சேன். நான் அடைச்ச இடுக்கத் தடவித் தடவிப் பாத்தேன். பாதிக்கு மேல பஞ்சு அப்படியே இருக்கு தம்பி. கல்லு மாதிரி இருக்கு."

அலை அடிப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் கயிறு அறுந்ததும் பழைய குழிக்கே போயிடுச்சுன்னு நினைச்சோம்" என்றாள். "ஊர் பூரா அப்படித்தான் சொல்லிச்சு. நம்மள்ல ஒருத்தராவது போய்ப் பாத்தோமா? பாதி தூரம் வந்து நிக்குது. நாம அத விட்டுட்டு வீட்டுக்குப் போய் உக்காந்துட்டோம்."

அன்று சாயங்காலம் நெட்டை வேலை முடிந்து வந்தபோது என்னையும் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தார்கள். சமையலறையில் டீக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்ததைச் சொன்னாள். அவன் ஐஸில் மரத்துப்போன கைகளை டம்ளரில் சுற்றி வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்து, "வேண்டாம்" என்றான்.

"ஏன்?"

"நீதான நிறுத்தச் சொன்ன?"

"சொன்னேன். அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இன்னைக்குப் பாத்துட்டு வந்திருக்கேன்."

"எனக்கு அது எங்க நின்னா என்ன? என்னால ஆகாது."

"பயமா?"

"பயம்தான்." அவன் தம்பியைப் பார்க்காமல் சொன்னான். "அன்னைக்கு அந்தக் கயிறு பிரியறத நான் பாத்தேன். முறுக்குல முதல் புரி போனப்பவே பாத்தேன். நிறுத்துங்கடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவன் கை தப்பியிருக்கும். சொல்ல வாய் வரல. கரையில அத்தன பேர் விசில் அடிக்கறான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நின்னுட்டேன். மறுபடி போனாலும் அப்படித்தான் நிப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. சின்னவன்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"இத நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, அண்ணே, நான் ஒரு மாசம் கூடப் படுத்துக்கிட்டுச் சாப்பிட்டிருப்பேனே."

நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைத்தான்.

தங்கச்சி எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். வந்து, அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நிறுத்தற வேலைய உங்ககிட்ட குடுக்க வேண்டாம். இழுக்கற வேலை உங்களது, நிறுத்தற வேலை என்னோடது. கோடாரிய நான் வெச்சுக்கறேன். எப்ப கயித்த வெட்டணும்னு இப்பவே பேசிக்கலாம், டீ குடிச்சுக்கிட்டு, ஒருத்தரும் விசில் அடிக்காத இடத்துல. ஒரு புரி அறுந்தா வெட்டு. படகு ஒண்ணு சாஞ்சா வெட்டு. யாருக்காவது ரத்தம் வந்தா வெட்டு. வெட்டிட்டா அதோட முடிஞ்சது. உங்களுக்கு ஐஸ் கம்பெனி, எனக்கு என் உளி. அப்புறம் இந்த வீட்டுல யாரும் யாரையும் சொல்லிக் காட்டக் கூடாது."

"உன்னால வெட்ட முடியுமா?"

"நான்தான முதல்ல விடலாம்னு சொன்னவ? எனக்கென்ன?"

அவன் யோசித்தான். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "நீ கரையில நிக்கணும்" என்றான்.

"நான் கரையிலயே விசில் அடிக்கறேன். ஒத்தக் கைக்கு அதுதான் வேல."

கறாரிடம் மறுபடியும் படகு கேட்கத் தங்கச்சியே போனாள். துணைக்கு நான். நாங்கள் எடுத்துவந்து கொடுத்த தன் சங்கிலியை அவர் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்து முடிக்கும் வரை காக்க வைத்தார்.

"ஏம்மா, போன தடவ என் படகு ஒடஞ்சது. அந்தப் பையன் கை ஒடஞ்சது. இன்னும் எதை ஒடைக்கணும்?"

"இந்தத் தடவ எப்ப நிறுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கோம்."

"எப்பத் தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு வருவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நிறுத்தறதுக்கு முடிவு பண்ணிட்டு வந்து படகு கேக்கறது நீதான்." அவர் மோவாயைச் சொறிந்தார். "நீ அடைச்சுக் குடுத்ததுல ஒரு சொட்டு உள்ள வரல. எடுத்துட்டுப் போ."

அடுத்த பௌர்ணமி. விடிகாலையில் நீர் நன்றாக வற்றி, முகத்துவாரத்தின் நடுத்திட்டெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நெட்டை முங்கிக் கயிறுகளை அடியில் விட்டான். ஆட்கள் இரண்டு பக்கமும் இழுத்து விறைப்பாகக் கட்டினார்கள். தங்கச்சி கறாரின் பெரிய படகில், கயிறுகள் வந்து சேரும் குறுக்கு மரத்துக்குப் பக்கத்தில் கோடாரியோடு உட்கார்ந்தாள். கால்களை மடக்கி, கோடாரியை மடியில் குறுக்காக வைத்து, கீரை ஆய உட்கார்ந்தவள் மாதிரி. அவளுக்குக் கயிறுகளைத் தவிர வேறெதையும் பார்க்கிற வேலை இல்லை. நான் தண்ணீர் இறைக்க வாளியோடு அதே படகின் பின்பக்கம் இருந்தேன்.

கடல் உள்ளே வந்தது. அதை எப்படிச் சொல்வது? அலை இல்லை, ஓசை இல்லை. ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சை இழுப்பது மாதிரி, அந்த அகலம் முழுவதும் சேர்ந்து மேலே வந்தது. திட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கயிறுகளிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டியது. எங்கள் படகு கீழே இழுபட்டு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே என் ஒரு கை வைக்கத்தான் இடம் இருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை, செய்வதற்கும் ஒன்றுமில்லை. எங்கேயோ ஆழத்தில் எங்களை நம்பி ஒரு பாரம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ தூரத்தில் நிலா அதைத் தூக்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் குலுக்கல் வந்தது. கால் வழியாக ஏறி, பல் வரைக்கும் வந்தது. படகுகள் இரண்டும் மூச்சுவிட்டு எழுந்தன.

"தள்ளு!" என்றான் நெட்டை. மெதுவாகத்தான் சொன்னான்.

கழிகள் ஊன்றின. கரை நெருங்கியது. இந்தத் தடவையும் கரை முழுக்கத் தலைதான், விசில்தான். நெட்டை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடிக்கொரு தரம் கயிற்றைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தள்ளினான். உச்சி வெயில் ஏறியது. கரையில் நிற்பவர்களின் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். ஆழமில்லாத திட்டுக்கு இன்னும் ஒரு வீட்டு நீளம்கூட இருக்காது. அப்போது நடுக்கயிற்றில் ஒரு புரி பட்டென்று தெறித்தது.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கோடாரியைத் தூக்கி எழுந்து நின்றாள்.

நின்றவள் அப்படியே நின்றாள். அவள் கண் திட்டுக்குப் போனது, கயிற்றுக்கு வந்தது, திரும்பத் திட்டுக்குப் போனது. அவள் உதடு அசைந்தது. இன்னும் கொஞ்சம் என்றுதான் அவள் சொல்லிக்கொண்டாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? விடலாம் என்று முதலில் சொன்னவள். எனக்கென்ன என்றவள். கோடாரி அவள் தலைக்கு மேலேயே நின்று இறங்க மறுத்துக்கொண்டிருந்தது.

நெட்டை கழியை நிறுத்தினான். கரையின் கூச்சல் உச்சத்தில் இருந்தது.

"வெட்டு" என்றான்.

"கிட்ட வந்துட்டோம்ங்க..."

"தெரியும். வெட்டும்மா."

கோபம் இல்லை அந்தக் குரலில். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளை அவன் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. அவள் வெட்டினாள். ஒன்று, அடுத்தது, அடுத்தது. படகு துள்ளி எழுந்ததில் நான் வாளியோடு மல்லாந்து விழுந்தேன். தண்ணீரில் ஒரு பெரிய குமிழ் எழுந்து உடைந்தது. கலங்கல் பரவியது. அவ்வளவுதான்.

கரையில் சத்தம் நின்றுவிட்டது. "போச்சுடா, ரெண்டாவது தடவையும் போச்சு" என்று ஒருவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. கரைக்கு வந்து இறங்கியதும் கறார் தன் இரண்டு படகுகளையும் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல" என்று யாரிடமோ சொன்னார். நெட்டை நேரே தம்பியிடம் போய் அவனை மேலும் கீழும் பார்த்தான், பிறகு ஒவ்வோர் ஆளாகப் போய்ப் பார்த்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவன் மணலில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து ஒரு பெருமூச்சு விட்டான். அவ்வளவு இலேசான முகத்தை முழுகின நாளுக்குப் பிறகு அவனிடம் நான் பார்க்கவில்லை.

"சரி. முடிஞ்சது. வீட்டுக்குப் போலாம்" என்றான்.

"நீங்க போங்க" என்றாள் அவள். "போன தடவ பாக்காமப் போனோம். இந்தத் தடவ தண்ணி வத்தற வரைக்கும் இருந்து, என்ன ஆச்சுன்னு பாத்துட்டுத்தான் வருவேன். பாக்கறதுக்கு மட்டும்தான். சொன்ன சொல்ல மீறல."

அவன் போகவில்லை. சின்னவனும் போகவில்லை. நான் மட்டும் எங்கே போக? கூட்டம் கலைந்தது. யாரோ ரொட்டியும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தின்றோம். நெட்டை அங்கேயே மணலில் படுத்துத் தூங்கிப்போனான். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தாள். கயிற்றை வெட்டிய கை வலித்ததோ என்னவோ, அடிக்கடி உள்ளங்கையைப் பிசைந்துகொண்டாள். கடல் எப்படி வந்ததோ அப்படியே, ஓசையில்லாமல், போக ஆரம்பித்தது.

சூரியன் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமானபோது, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மிதக்கிற கட்டை என்று நினைத்தேன். கட்டை நகரும், இது நகரவில்லை. நீண்டது. இரண்டு பக்கமும் நீண்டு, வளைந்து, முன்னால் கூராக ஒன்று எழும்பியது. சின்னவன் என் தோளைப் பிடித்தான். கட்டுப் போட்ட கையால் பிடித்தான்.

யாரும் தொடவில்லை. யாரும் இழுக்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்க, அந்தப் படகு தானாக உலகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. முதலில் விளிம்பு, அப்புறம் மேல்பலகை, பாசி தொங்கும் விலா. வெட்டிவிட்ட பிறகு ஏற்றத்தின் கடைசி நீரே அதைத் தள்ளித் திட்டின் ஓரத்தில் சாத்தியிருக்க வேண்டும். கலைந்துபோன ஜனம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து எங்கள் பின்னால் நின்றது. ஒரு விசில் இல்லை. கறார் தலையில் கட்டியிருந்த துண்டை ஏனோ அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தங்கச்சி எழுந்து தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு நீரில் போய்ப் படகை அடைந்தாள். கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் நாங்களும் அதைக் கவனித்தோம். படகுக்குள் நிறைந்திருந்த தண்ணீர், எந்தெந்த இடுக்கில் பஞ்சு போயிருந்ததோ அந்தந்த இடுக்கு வழியாக வெளியே பீய்ச்சிக்கொண்டிருந்தது. அந்திவெயிலில் ஒவ்வொரு பீச்சலும் பொன் கம்பியாக மின்னியது. உள்ளே தண்ணீர் வரும் ஓட்டையைத்தான் அவள் காலமெல்லாம் தேடியிருக்கிறாள். இன்று படகே அவளுக்குத் தன் ஓட்டைகளை ஒன்று விடாமல் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் குனிந்து அடிமணலைத் துழாவி ஒரு கிளிஞ்சலை எடுத்தாள். முதல் பீச்சலுக்குப் பக்கத்தில் பலகையில் அடையாளத்துக்கு ஒரு கோடு கிழித்தாள். அடுத்ததற்கு நகர்ந்தாள், அங்கே ஒரு கோடு. தண்ணீர் முகத்தில் அடித்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

நெட்டை எப்போது விழித்தான் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கடந்து அவன் தண்ணீரில் இறங்கிப் போனபோதுதான் பார்த்தேன். படகுக்கு முன்னால் போய் அண்ணாந்து அதை ஒரு தரம் பார்த்தான். குனிந்து தானும் ஒரு கிளிஞ்சலைத் தேடி எடுத்துக்கொண்டு, படகைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் பலகையில் கிழிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.